வடகொம்பு, தென்கொம்பு

அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் மாலை, மேற்கே பிறை தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கிராமத்துப் பெரியவர்கள் அடுத்துப் பார்ப்பது அதன் கொம்புகளை. மேற்கு நோக்கி நின்றால் வலப்பக்கம் வடகொம்பு, இடப்பக்கம் தென்கொம்பு. எது உயர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு மழையும் தானிய விலையும் எப்படி இருக்கும் என்று சொல்லும் வழக்கம் உண்டு.

இதைக் களத்துமேட்டுப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர், ‘பிருகத் சம்ஹிதை’யில் பிறையின் சாய்வுகளுக்கு ஓடம், கலப்பை என்றெல்லாம் பெயர் வைத்துப் பலன் சொல்கிறார். ‘சூரிய சித்தாந்த’த்தில் கொம்புகளின் ஏற்றத்தாழ்வைக் கணக்கிடுவதற்கென்றே தனி அதிகாரம் இருக்கிறது. கணக்குப் போட்டு முன்னதாகவே சொல்லிவிடக்கூடிய ஒன்று எப்படிச் சகுனமாகும் என்று யாராவது அப்போதே கேட்டிருக்கலாம்!

சாய்வு எப்படி வருகிறது? பிறை என்பது பூமியின் நிழல் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. பூமியின் நிழல் நிலவில் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டும், அதுவும் பௌர்ணமியன்று. பிறையில் நாம் பார்ப்பது சூரிய வெளிச்சம் பட்ட ஓரத்தை. ஆகவே பிறையின் வயிறு எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்கும். கொம்புகள் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கொம்பு நுனிகளையும் தொடுவதுபோல ஒரு குச்சியைக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். குச்சியின் நடுவிலிருந்து அதற்குச் செங்குத்தாகப் பிறையின் வயிற்றைத் தாண்டி ஒரு கோட்டை மனத்தில் இழுத்துக்கொண்டே போனால், அடிவானத்துக்குக் கீழே மறைந்த சூரியனில் போய் முடியும். சூரியன் நேர் கீழே இருந்தால் குச்சி மட்டமாக நிற்கும். சற்று வடக்கே தள்ளியிருந்தால் வடகொம்பு உயரும். தெற்கே என்றால் தென்கொம்பு.

சூரியன் எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்பதை முடிவு செய்வது பருவம். வானத்தில் சூரியன் ஆண்டு முழுக்க நகரும் பாதையை ஒட்டியேதான் நிலவும் நகர்கிறது. அந்தப் பாதை மேற்கு அடிவானத்தில் நிற்கும் கோணம் மாதந்தோறும் மாறும். ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருக்கும் தஞ்சாவூரை எடுத்துக்கொள்வோம். புரட்டாசி மாலையில் அந்தப் பாதை செங்குத்திலிருந்து தெற்கே 34 பாகை சாய்ந்திருக்கும். பிறை தெற்கே விலகி நிற்க, சூரியன் அதற்கு வடக்கே கீழே கிடக்கும். வடகொம்பு நன்றாக உயரும். பங்குனியில் பாதை வடக்கே 12 பாகை சாயும். அப்போது தென்கொம்பு உயரும், ஆனால் கொஞ்சமாக.

இப்போது மழைக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தென்கொம்பு உயரக்கூடிய மாசி முதல் சித்திரை வரையான காலம் இங்கே வறண்ட காலம். வடகொம்பு மிக உயர்ந்து நிற்கும் புரட்டாசியை அடுத்து ஐப்பசியில் வருவது வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அதில்தான் கிடைக்கிறது. கொம்பும் மழையும் சேர்ந்து வருவதைப் பார்த்தவர்களின் கண் பழுதில்லை. பருவம் இரண்டையும் கொண்டுவருகிறது என்பதை மட்டும் விட்டுவிட்டு, ஒன்று மற்றொன்றைக் கொண்டுவருவதாக எண்ணிவிட்டார்கள்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. வருடத்துக்கு வருடம் கொம்பு மாறுவதையும் சிலர் கண்டிருப்பார்கள். அதுவும் உண்மையே. நிலவின் பாதை சூரியனின் பாதையோடு 5 பாகை சாய்ந்தது. அந்தச் சாய்வின் திசை ஒரு முழுச்சுற்று வர 18.6 ஆண்டுகள் ஆகும். பங்குனியில் சாய்வே குறைவு என்பதால், இந்தச் சிறு விலகல்கூடச் சில ஆண்டுகளில் கொம்புகளை மட்டமாக்கும், சில ஆண்டுகளில் மாற்றியும் வைக்கும். சகுனம் பார்ப்பவருக்கு இதைவிட வசதி வேண்டுமா?

புரட்டாசியில் அந்த வசதி கிடையாது. 34 பாகைச் சாய்வை எந்த ஆண்டும் கவிழ்க்க முடியாது. 2015இல் சென்னையை வெள்ளம் மூழ்கடித்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை சராசரியில் பாதிகூடப் பெய்யவில்லை. இரண்டு ஆண்டுகளிலும் புரட்டாசிப் பிறையில் உயர்ந்திருந்தது வடகொம்புதான்.