மூத்தவர் இருக்கவே இளையவரைத் தேடுதல் முறையா?

ஒரு கடையில் கல்லாப்பெட்டி ஒன்றுதான். அதன் முன்னே ஒருவர்தான் உட்கார முடியும். அவர் கை ஓய்ந்துவிடவில்லை, கணக்குத் தப்பவில்லை. ஆயினும் அவருக்கு வயதாகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் இளைஞனைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் நிறுத்துவது முறையா? இது பற்றிப் பல நாள் யோசித்து வந்தோம். யோசிக்க வைத்தது நம் தொழில் அன்று, அமெரிக்காவில் ஆடும் ஒரு பந்தாட்டம்.

நேயர்கள் சிரிக்க வேண்டாம். நம் கடையில் இருக்கும் மருமகனுக்கு அந்த ஆட்டத்தில் அப்படியொரு பைத்தியம். அங்கே ஞாயிறு இரவு நடப்பது இங்கே திங்கட்கிழமை காலை, நாம் கடை திறந்து சரக்கை வெளியே அடுக்கும் நேரத்தில் வருகிறது. கைத்தொலைபேசியை அரிசி மூட்டையின் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஒரு கண்ணால் வேலை பார்ப்பான். முதலில் கடிந்துகொண்டோம். பிறகு, உண்மையைச் சொன்னால், நாமும் பக்கத்தில் போய் நின்றோம்.

அது நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்து முட்டை வடிவம். பெரும்பாலும் கையால்தான் ஆட்டம். பக்கத்துக்குப் பதினொருவர். அவர்களில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. பந்து முதலில் அவர் கைக்கு வரும். எதிரிகள் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவதற்குள், இரண்டு மூன்று விநாடியில், யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். குழுவில் 53 பேர் இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு சமயத்தில் ஒருவர்தான். மற்ற இடங்களில் இருவரை மாற்றி மாற்றி இறக்குவார்கள். இங்கே அந்த வழக்கம் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே இளையவன் ஒருவன் வந்து சேர்ந்தால், அவன் யாருடைய இடத்துக்கு வந்திருக்கிறான் என்பதில் எவருக்கும் ஐயம் இராது.

விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்றோர் ஊர். சற்றேறக்குறைய ஒரு லட்சம் மக்கள். அவ்வூரின் குழுவுக்குப் பேக்கர்ஸ் என்று பெயர். 1919-ல் ஓர் இறைச்சிப் பொட்டலத் தொழிற்சாலை கொடுத்த பணத்தில் தொடங்கியது. இக்குழுவுக்கு முதலாளி என்று தனியொருவர் இல்லை. 1923 முதல் பொதுமக்களுக்குப் பங்கு விற்றே நடந்து வருகிறது. 2021-ல் விற்ற பங்கின் விலை 300 அமெரிக்க வெள்ளி. வியாபாரிகளாகிய நாம் இதைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பங்குக்கு லாபப்பிரிவினை கிடையாது, விலையேற்றிப் பிறருக்கு விற்கவும் முடியாது. அப்படியும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வைத்திருக்கிறார்கள்! நம்மிடம் யாரேனும் அப்படியொரு பத்திரத்தை நீட்டினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவோம். ஆனால் அதனால் விளைந்த ஒன்றுண்டு. இந்த வருஷமே கோப்பை வேண்டுமென்று கூச்சலிட ஒரு முதலாளி அங்கே இல்லை. நிர்வாகிகள் தமக்குப் பின் வருவோருக்காகவும் கணக்குப் பார்க்கிறார்கள்.

1992 முதல் அங்கே குவார்ட்டர்பேக்காக இருந்தவர் பிரட் ஃபார்வ். 1997 ஜனவரியில் குழுவுக்குப் பெருங்கோப்பை பெற்றுத் தந்தவர். ஒரு வாரம்கூட விடுப்பின்றி, அடிபட்டும் முறிபட்டும் ஆடிக்கொண்டே இருந்தவர். 2005-ல் அவருக்கு 35 வயது. அவ்வருஷம் ஏப்ரலில், கல்லூரி ஆட்டக்காரர்களைக் குழுக்கள் வரிசைப்படி பொறுக்கியெடுக்கும் நாளில், டெட் தாம்ஸன் என்ற நிர்வாகி ஆரன் ராஜர்ஸ் என்ற இளைஞரை 24-ஆவது ஆளாக எடுத்தார். அந்த ராஜர்ஸ் முதலாவதாகவே போய்விடுவார் என்று பலரும் நினைத்திருந்தனர். முதலாவதாகப் போனவர் வேறொருவர், அலெக்ஸ் ஸ்மித். அப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

ராஜர்ஸ் மூன்று வருஷம் ஓரத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார். 2008 மார்ச்சில் ஃபார்வ் கண்ணீர் வடித்து விடைபெற்றார். கோடையில் மனம் மாறி, திரும்பி வருகிறேன் என்றார். குழுவோ, உம்முடைய இடத்தை இளையவருக்குக் கொடுத்தாயிற்று என்றது. மனக்கசப்பு முற்றி, ஆகஸ்டில் அவரை நியூயார்க் ஜெட்ஸ் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் அவர் பேக்கர்ஸின் பரம எதிரியான மினசோட்டாவின் சட்டையில் கிரீன் பே மைதானத்துக்குள் வந்தபோது, பதினாறு வருஷம் கொண்டாடிய அதே ஊர் அவரைக் கூச்சலிட்டு இகழ்ந்தது. ராஜர்ஸோ 2011 பிப்ரவரியில் கோப்பையைக் கொண்டுவந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால், நிர்வாகி செய்தது சரி என்று நாம் பேரேட்டை மூடிவிடலாம். மூட முடியவில்லை. 2020-ல் ராஜர்ஸுக்கு 36 வயது. அதே குழு, இப்போது வேறு நிர்வாகி, வரிசையில் முன்னேறுவதற்காக வேறு பொருளும் கொடுத்து, ஜோர்டன் லவ் என்ற இளைஞரை 26-ஆவது ஆளாக எடுத்தது. ராஜர்ஸுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் என்ன செய்தார்? அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் நாட்டிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார்.

சிலர் இதைக் கேட்டு, பார்த்தீர்களா, பக்கத்தில் ஆள் நின்றதால்தான் மூத்தவர் விழித்துக்கொண்டார் என்பர். இருக்கலாம். நமக்கு அது முழு விடையாகப் படவில்லை. 2021 ஜனவரியில், பெருங்கோப்பை ஆட்டத்துக்கு முந்திய படியில், சொந்த மைதானத்தில் 31-க்கு 26 என்று பேக்கர்ஸ் தோற்றது. குழுவின் முதல் தேர்வு அன்று மைதானத்தில் இல்லை. அந்தத் தேர்வைக் கொண்டு, அன்றே பந்தைப் பிடித்து ஓடக்கூடிய ஒருவரை எடுத்திருந்தால்? இக்கேள்வியை அங்குள்ளோர் இன்றும் கேட்கிறார்கள். கிரீன் பேயில் ராஜர்ஸுக்கு இரண்டாவது கோப்பை கிடைக்காமலே போயிற்று. நாளைக்கென்று எடுத்து வைப்பதெல்லாம் இன்றைக்கு உழைப்பவரின் பங்கிலிருந்துதானே எடுக்கப்படுகிறது? அவரைக் கேட்காமல் எடுக்க நமக்கு ஹக் உண்டா?

நம் அபிப்பிராயம் இது. அந்த இடம் ஆட்டக்காரருடைய சொத்து அன்று, நிர்வாகியுடையதும் அன்று. இருவர் கையிலும் இருப்பது அமானிதம். அமானிதத்தை வைத்திருப்பவன் தனக்குப் பின் அது யார் கைக்குப் போகும் என்று பாராமல் இருந்தால் அது பிழை. எனவே இளையவரைத் தேடியதில் குற்றம் காணோம். மூத்தவரிடம் சொல்லாமல் செய்ததுதான் குற்றம். சொன்னால் அவர் கோபிப்பார், ஊக்கம் குன்றுவார் என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் சொல்லாமல் விட்டதனால் அந்தக் கோபம் குறைந்ததா? 2021-ல் ராஜர்ஸ் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். தம்மோடு கலந்து பேசவில்லை என்பதும், மூத்த ஆட்டக்காரர்களை மரியாதையின்றி அனுப்பினார்கள் என்பதும் அக்குறைகளில் முக்கியமானவை. 2023-ல் அவரும் நியூயார்க் ஜெட்ஸுக்கே போனார். அங்கே முதல் ஆட்டத்தில் நாலாவது முறை பந்து கைக்கு வந்தபோது குதிகால் நரம்பு அறுந்து விழுந்தார்.

மறுபுறமும் பார்க்க வேண்டும். நியூ இங்கிலாந்து குழு 2014-ல் டாம் பிரேடிக்குப் பின் ஆடுவதற்கென்று ஜிம்மி கரோப்பொலோவை எடுத்து வைத்தது. பிரேடி தளரவே இல்லை. 2017-ல் இளையவரை வேறிடம் அனுப்பிவிட்டது. அதன் பின் பிரேடி அங்கே இன்னொரு கோப்பை வென்றார். நல்ல பேரம் என்றுதான் தோன்றும். ஆனால் 2020-ல் பிரேடி வெளியேறியபோது அந்த இடத்துக்கு ஆள் தயாராக இல்லை. அவ்வருஷம் வென்றதைவிடத் தோற்றது அதிகம். 2023-ல் பதினேழு ஆட்டத்தில் வென்றது நாலே நாலு. பிரேடியோ போன இடத்தில் 43 வயதில் கோப்பை வாங்கினார்! ஆகவே எந்த வயதில் ஒருவர் ஓய்வார் என்பதை எந்த முதலாளியும் கணக்கிட முடியாது.

மூத்தவருக்குரிய கடமை ஒன்று பாக்கி இருக்கிறது. தமக்குப் பின் வருபவருக்கு அவர் கற்றுக்கொடுக்க வேண்டுமா? இளையவரைத் தயார்ப்படுத்துவது ஒப்பந்தத்தில் இல்லை என்று ஃபார்வ் சொன்னது பிரசித்தம். 2022-ல் டென்னஸியின் ரையன் டேனஹிலும் ஏறக்குறைய அதையே சொல்லி, பலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர்களை எளிதாக ஏச நமக்கு வாய் வரவில்லை. தன் சோற்றைப் பறிக்க வந்தவனுக்கு இலை போட்டுப் பரிமாறு என்றால் யாருக்கும் கை நடுங்கும்.

இங்கேதான் அலெக்ஸ் ஸ்மித் வருகிறார். 2005-ல் முதலாவதாக எடுக்கப்பட்டவர். 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோது தலையில் அடிபட்டு ஒதுங்கினார். குணமாகி வந்தபோது இடம் இளையவர் ஒருவருக்குப் போயிருந்தது. கன்சாஸ் சிட்டிக்குச் சென்று மீண்டும் தலையெடுத்தார். 2017-ல் அங்கும் ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள், பேட்ரிக் மஹோம்ஸ் என்பவர். அந்த வருஷம்தான் ஸ்மித்துக்கு வாழ்நாளிலேயே சிறந்த வருஷம். அப்படி ஆடிக்கொண்டே, வாரந்தோறும் எதிரியைப் படிப்பது எப்படி, ஆட்டத்துக்குத் தயாராவது எப்படி என்பதைத் தம் பக்கத்தில் வைத்தே அந்த இளைஞருக்குக் காட்டிக்கொடுத்தார். மறுவருஷம் அவரை வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். மஹோம்ஸ் 2020 பிப்ரவரியில் கோப்பை வென்றார்; ஸ்மித்திடம் கற்றதை நன்றியோடு பலமுறை சொல்லியிருக்கிறார். ஸ்மித் வென்ற கோப்பை ஒன்றும் இல்லை.

மருமகனுக்கு ஃபார்வைத்தான் பிடிக்கும். நமக்கு ஸ்மித்தைப் பிடிக்கும். 2015-ல் கிரீன் பே ஊர் ஃபார்வை அழைத்து, அவருடைய 4-ஆம் எண்ணை இனி யாரும் அணிவதில்லை என்று மரியாதை செய்தது. ஏழு வருஷம் பிடித்தது அதற்கு.

இருபது வயதில் நாம் கடைப்பையனாக நுழைந்த இடத்தில் ஒரு நானா இருந்தார். அன்பானவர். எடை போடவும், ஆள் பார்த்துக் கடன் கொடுக்கவும் அவர்தான் நமக்குச் சொல்லித் தந்தார். ஆனால் சரக்கின் கொள்முதல் விலையை எழுத்துக் குறியாக எழுதி ஒட்டுவார். அந்தக் குறியின் சூட்சுமத்தை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அவர் ஊருக்குப் போய் மவுத்தான பின், ஒவ்வொரு சாமானையும் எந்த விலைக்கு விற்பது என்று தெரியாமல் ஒரு மாதம் தடுமாறினோம். அன்று அவர் மேல் வந்த கோபம் வெகுநாள் இருந்தது.

சென்ற வாரம் மருமகன் மஞ்சள் மூட்டையைப் பிரித்துக்கொண்டே, "மாமா, இது யார்கிட்ட எடுக்குறோம்? விலை எப்படிப் பேசுறீங்க?" என்று கேட்டான். அதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றோம். அவன் மறுபடியும் கேட்கவில்லை. நாம் இன்னும் சொல்லவில்லை.