புகழுரையும் இடித்துரையும்

இலங்கையின் கிழக்கே மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் இக்கரையோரத்து முஸ்லிம் ஊர்களில், ஒரு பிள்ளையின் கெட்டித்தனத்தை அதன் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வது நெடுங்காலம் விரும்பத்தகாத காரியமாகவே கருதப்பட்டு வந்தது. கண்ணூறு பட்டுவிடும் என்ற அச்சம் ஒரு புறம், பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்ற கவலை மறு புறம். ஆகவே அயல்வீட்டார் எவரேனும் மனம் நிறைந்து புகழ்ந்துவிட்டால், ‘மாஷா அல்லாஹ் சொல்லுங்க புள்ள’ என்று உடனே நினைவூட்டுகிற மூத்தம்மா ஒருவர் அநேகமாக எல்லா வீட்டு விறாந்தையிலும் இருந்தார். அதே மூத்தம்மா பேரனை ஓதப்பள்ளியில் கொண்டுபோய் விடும்போது, ‘கண் ரெண்டும் மிஞ்சினாப் போதும் லெப்பை, மத்ததெல்லாம் உங்கட பொறுப்பு’ என்று பிரம்புக்குப் பூரண அதிகாரம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினார். புகழ்ந்தால் கெடுவான், அடித்தால் தேறுவான் என்பதே அக்காலத்தின் கல்விச் சித்தாந்தம். ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழி அதற்குப் போதிய பிரமாணம்.

இன்றோ, தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியான மறுதினமே, கல்முனைப் பிரதான வீதியின் இரு மருங்கிலும், சாய்ந்தமருதிலும், நிந்தவூரிலும், அக்கரைப்பற்றுச் சந்தியிலும், வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் முகங்கள் ஆளுயரப் பதாகைகளில் அச்சாகித் தொங்குகின்றன. பெயருக்குக் கீழே புள்ளி. புள்ளிக்குக் கீழே பாடசாலையும் பிரத்தியேக வகுப்பும். கண்ணூற்றுக்கு அஞ்சிய சமூகம் பத்து வயதுப் பாலகனின் முகத்தை நாற்சந்தியில் தொங்கவிடுமளவுக்குத் துணிந்துவிட்டது. தண்டனையிலிருந்து புகழ்ச்சிக்கு நாம் முன்னேறிவிட்டோம் என்று இதைக் கண்டு மகிழ்வோரும் உண்டு. எனக்கென்னவோ, அன்றைய பிரம்பிலும் இன்றைய பதாகையிலும் ஒரே தவறுதான் ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பிரம்பின் கதையைப் பார்ப்போம். கல்வியமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையின் மூலம் பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையை விலக்கியது. ஆசிரியர் ஒருவர் கன்னத்தில் அறைந்ததனால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட தென்னிலங்கை மாணவன் ஒருவனின் வழக்கில், அச்செயல் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை தரும் பாதுகாப்பை மீறியதாகும் என்று 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் தன்னால் இயன்றதைச் செய்துவிட்டது. ஆயினும் கைக்கு விலங்கிட முடிந்த சட்டத்தால் நாவுக்கு விலங்கிட முடியவில்லை. ‘மோடன்’ என்றும், ‘உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு, வாப்பாவோட தோணிக்குப் போ’ என்றும் வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்லப்படும் வார்த்தையை எந்தச் சுற்றறிக்கையும் தடுத்து நிறுத்தவில்லை. அந்த வார்த்தை இரண்டு பேரை ஒரே வீச்சில் அவமதிக்கிறது: படிக்க வந்த பிள்ளையையும், அதைப் படிக்க அனுப்புவதற்காகக் கடலுக்குப் போன தகப்பனையும்.

இத்தகைய கடுமையினால் விளையும் கேட்டை மேலைநாட்டு உளவியல் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1377 இல் தமது ‘முகத்திமா’ என்னும் பெருநூலை எழுதிய இப்னு கல்தூன், மாணாக்கர்மீது காட்டப்படும் கடுமை அவர்களுக்குத் தீங்கானது என்பதற்கென்றே அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அடக்கியொடுக்கப்படும் பிள்ளை உற்சாகம் குன்றிச் சோம்பலுக்கு ஆளாகிறது. தண்டனைக்குத் தப்புவதற்காக உள்ளத்தில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக நடக்கக் கற்றுக்கொள்கிறது. காலப்போக்கில் அந்தப் பொய்யே அதன் சுபாவமாகிவிடுகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். அடி கல்வியைத் தருகிறதோ இல்லையோ, பொய்யைத் திண்ணமாகக் கற்பிக்கிறது என்று அறுநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதிவைத்தார். அதைப் பெருமையோடு மேற்கோள் காட்டும் நாம், அதன்படி நடப்பதில் அத்தனை சிரத்தை காட்டவில்லை.

புகழ்ச்சியின் கதை இதைவிட விசித்திரமானது. அமெரிக்காவில் கிளாடியா மியூலர், கரோல் டுவெக் என்னும் இரு உளவியலாளர் 1998 இல் வெளியிட்ட ஆய்வு, நம் புலமைப்பரிசில் பிள்ளைகளையொத்த பிராயத்தினரான ஐந்தாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்டது. புதிர்க்கணக்குகளைச் செய்து முடித்த பிள்ளைகளுள் ஒரு சாராரிடம் ‘நீ புத்திசாலி’ என்றும், இன்னொரு சாராரிடம் ‘நன்றாக முயன்றிருக்கிறாய்’ என்றும் சொன்னார்கள். பின்னர் கடினமான கணக்குகளைக் கொடுத்து எல்லோரையும் இடறச் செய்துவிட்டு, மறுபடி இலகுவானவற்றைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள் தங்கள் முந்திய நிலையிலிருந்தும் சரிந்தார்கள்; முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களோ முன்னிலும் உயர்ந்தார்கள். முகமறியாத வேறொரு பாடசாலைப் பிள்ளைக்குத் தம் புள்ளிகளை எழுதியனுப்பச் சொன்னபோது, புத்திசாலிகளென்று புகழப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் புள்ளியைக் கூட்டி எழுதினர் என்பதுதான் என்னைத் திகைக்க வைத்த செய்தி.

அதாவது, பிரம்புக்கு அஞ்சிய பிள்ளை எங்கே போய்ச் சேருமென்று இப்னு கல்தூன் எழுதினாரோ, அளவிறந்த புகழ்ச்சியில் மயங்கிய பிள்ளையும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. இரண்டும் பொய்யில் முடிந்தன. காரணம் வெளிப்படை. ‘மோடன்’ என்ற சொல்லும் ‘கெட்டிக்காரன்’ என்ற சொல்லும் பிள்ளை செய்த வேலையைத் தொடாமல் பிள்ளையின்மீதே விழுகிற தீர்ப்புகள். முன்னதைப் பெற்றவன் தண்டனையிலிருந்து தப்ப ஒளிக்கிறான். பின்னதைப் பெற்றவன் பட்டம் பறிபோகாதிருக்க ஒளிக்கிறான். இருவரும் தம் பிழையைப் பார்க்க அஞ்சுகிறார்கள். பிழையைப் பார்க்க அஞ்சுகிறவனுக்கு எந்த ஆசானாலும் எதையும் கற்பிக்க இயலாது.

நம் மரபிலும் இந்தத் தீர்ப்பு மோகம் இல்லாமலில்லை. மாணாக்கரை அன்னமென்றும் பசுவென்றும், மண்ணென்றும் கிளியென்றும், ஓட்டைக்குடமென்றும் எருமையென்றும் தலை, இடை, கடையாக வகுத்துவைத்த நன்னூல், ஆசிரியனுக்கு வேண்டிய குணங்களையும் விரிவாகச் சொல்கிறது. நாமோ முன்னதை மனனம் செய்துகொண்டு பின்னதை வசதியாக மறந்துவிட்டோம். ஆனால் அதே மரபில் இதற்கு மாற்றும் உண்டு. கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருதை அடுத்துள்ள காரைதீவில் 1892 இல் பிறந்து, கல்முனையில் ஆங்கிலக் கல்வியைத் தொடங்கி, பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய சுவாமி விபுலானந்தர், தம் பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாகிய யாழ் நூலை 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அறிஞர் சபையின் முன் அரங்கேற்றினார். அரங்கேற்றம் என்னும் அம்முறையின் உட்பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள்: எத்தனை பெரிய புலவனாயினும் அவன் நூல் சபையின் முன் வைக்கப்பட வேண்டும், சபை கேட்பது நூலைப் பற்றி, தடை எழுவது நூலின்மீது, விடை கூறும் ஆசிரியனின் மரியாதைக்கோ எவ்வித பங்கமும் இல்லை. பேராசிரியருக்குக் கொடுத்த அந்தக் கௌரவத்தைத் தரம் ஐந்து மாணவனுக்கு ஏன் மறுக்க வேண்டும்?

வேலையைக் கண்டித்து ஆளைக் காப்பாற்றுகிற இந்த வித்தையை நான் ஒரு தமிழாசிரியரிடம் கண்டேன். ‘எங்கள் ஊர்க் கடற்கரை’ என்று கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்திருந்தார். கடற்கரை என்றால் என்னென்ன எழுத வேண்டும் என்பது எங்களுக்கெல்லாம் மனப்பாடம்: நீலக்கடல் பரந்திருந்தது, வெண்ணலைகள் தாலாட்டின, இளந்தென்றல் வீசியது, செங்கதிரோன் மறைந்தான். என்னுடைய கொப்பியிலும் அவை வரிசை தவறாமல் இருந்தன. இடையில் ஒரே இடத்தில், கரைவலை இழுப்பதைப் பற்றி, ‘மடி கரைக்கு வருவதற்கு முன்பே காகங்கள் வந்துவிடும்’ என்று எப்படியோ எழுதிவிட்டிருந்தேன். கொப்பி திரும்பி வந்தபோது அந்த ஒரு வசனத்தின் கீழ் மட்டும் சிவப்புக் கோடு இருந்தது. பிழையாக்கும் என்று பயந்து ஓரத்தைப் பார்த்தேன். சரிவான சிறிய எழுத்தில், ‘இது நீ பார்த்து எழுதியது, மற்றவை நீ கேட்டு எழுதியவை, மற்றவற்றையும் போய்ப் பார்த்துவிட்டு வா’ என்றிருந்தது.

அதில் ‘நன்று’ என்ற சொல் இல்லை. ‘மோசம்’ என்ற சொல்லும் இல்லை. எது நன்று, எது மோசம் என்பது மட்டும் ஐயத்துக்கிடமின்றி விளங்கிற்று. என் கட்டுரையின் பெரும்பகுதி உதவாதது என்று சொல்லப்பட்டிருந்தும் நான் சோர்ந்துபோகவில்லை. ஒரு வசனம் உயர்ந்தது என்று சொல்லப்பட்டிருந்தும் தலை கனக்கவில்லை. ஏனெனில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் அந்தக் குறிப்பே சொல்லிவிட்டது. அன்று மாலையே கடற்கரைக்குப் போய், தென்றல் என்று நான் எழுதிய காற்றில் கருவாட்டு வாடை இருந்ததைத் தெரிந்துகொண்டேன்.

மருதமுனைக் கைத்தறிக் கொட்டில்களில் தொழில் பழக்குகிற மூத்த நெசவாளரிடமும் இதே முறையைப் பார்க்கலாம். பழகுகிற பையனின் தறியில் இழை அறுந்தால், தறியை நிறுத்தச் சொல்லி, அறுந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டுகிறார். முடிச்சுப் போட்டபின் மறுபடி ஓட்டச் சொல்கிறார். விரல் இழைமீது இருக்கிறது, பையனின் நெற்றிமீது இல்லை. ஆசிரியரின் புகழுரைக்கும் இடித்துரைக்கும் இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியாது.

மார்க்கத்தின் வழியில் சிந்திப்போர்க்கு இதனினும் மேலான ஆதாரம் இருக்கிறது. தொழுகையில் பேசலாகாது என்பதை அறியாத முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள், தொழுகையினிடையே தும்மியவர் ஒருவருக்குச் சத்தமாகப் பதில் வாழ்த்துச் சொல்லிவிட்டார். சுற்றியிருந்தோர் முறைத்துப் பார்த்தனர். தொடையில் தட்டி அதட்டினர். தொழுகை முடிந்ததும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கடியவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகையில் மனிதப் பேச்சுக்கு இடமில்லை என்பதையும், அதில் எதற்கு இடமுண்டு என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் அத்தகைய நல்லாசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அந்தத் தோழர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. பிழை பிழையென்றே சொல்லப்பட்டது, பிழைத்தவரோ அவமதிக்கப்படவில்லை. முறைத்துப் பார்த்தவர்களின் பெயர்களை அந்த அறிவிப்பு சொல்லவில்லை என்பதையும் நம் ஆசிரியர்கள் கவனித்தால் நல்லது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில், பாடத்திட்டத்தை முடிக்கவே தவணை போதாத நிலையில், ஒவ்வொரு கொப்பியிலும் வசனம் எழுதிக்கொண்டிருக்க எந்த ஆசிரியருக்கு அவகாசம்? உண்மைதான். ஆயினும் நாளொன்றுக்கு ஐந்து கொப்பிகளை மாத்திரம் ஊன்றிப் பார்த்து, மற்றவற்றைச் சரி பிழையிட்டு விட்டாலும், எட்டுப் பாடசாலை நாட்களில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று முடிந்துவிடும். இன்னொரு சிக்கனமும் உண்டு. ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலியப் பாடசாலைகளில் செய்து 1988 இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினர். புள்ளியை மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. புள்ளியும் குறிப்பும் சேர்ந்து பெற்றவர்களும் முன்னேறவில்லை. புள்ளியைக் கண்டவுடன் பிள்ளை தன்னைப் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடத் தொடங்கிவிடுகிறது; ஓரத்திலிருக்கும் குறிப்பு அநாதையாகிவிடுகிறது. ஆகவே பரீட்சையல்லாத பயிற்சிகளில் புள்ளியிடும் உழைப்பை மிச்சப்படுத்தி, அந்த நேரத்தைக் குறிப்புக்குக் கொடுக்கலாம்.

பதாகைகளை நான் முற்றாகப் பழிக்கவில்லை. இக்கரையோரத்தில் கல்வி எளிதில் கிடைத்த செல்வமன்று. 1941 இல் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தோன்றியதும், மறு ஆண்டு கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்கென இங்கே ஒரு சங்கம் அமைத்ததும், 1949 இல் கல்முனை ஸாஹிறாக் கல்லூரி எழுந்ததும், 1990களின் நடுவில் ஒலுவிலுக்குப் பல்கலைக்கழகம் வந்ததும் எத்தனையோ பேரின் பிரயத்தனத்தால் நேர்ந்தவை. ஒரு பிள்ளை சித்தியடைந்தால் ஊரே சித்தியடைந்ததாக மகிழும் மனோபாவம் அந்த வரலாற்றிலிருந்து பிறந்தது. ஆனால் நாடெங்கிலும் ஆண்டுதோறும் மூன்று இலட்சம் அளவில் பிள்ளைகள் எழுதும் பரீட்சையில் பெரும்பாலோர் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் நிற்பார்கள். அவர்களும் அதே வீதியால்தான் பாடசாலைக்கு நடந்து போகிறார்கள். பதாகையில் இல்லாமையே தங்களைப் பற்றி ஊர் எழுதிய கண்டனம் என்று அவர்கள் படித்துக்கொள்கிறார்கள். அதில் எதைத் திருத்த வேண்டும் என்ற குறிப்புத்தான் எங்கும் இல்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கையை வாங்கப் போகும்போது, ‘எத்தனையாம் பிள்ளை?’ என்ற கேள்வியை ஒரு முறை விட்டுவிட்டு, ‘எதில் தேறியிருக்கிறான், எதை இன்னும் திருத்த வேண்டும்?’ என்று கேட்டுப் பாருங்கள். அக்கேள்விக்கு உடனே பதில் சொல்லக்கூடிய ஆசிரியர், உங்கள் பிள்ளையின் கொப்பியை உண்மையாகவே படித்தவர். அவர் கடிந்து சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள், பாராட்டினால் நம்புங்கள். பதில் சொல்ல முடியாதவருடைய புகழ்ச்சிக்கும் மதிப்பில்லை, ஏச்சுக்கும் மதிப்பில்லை.