பஞ்ச காலமும் வியாபாரியின் அமானிதமும்



நாம் வியாபாரிகள், ஏர் பிடிப்பவர்கள் அல்லர். ஆயினும் வானம் மாறினால் அது குடியானவனுக்கு அடுத்தபடியாக நம் தராசில்தான் தெரியும்.

2023-ம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். பருவமழை ஓயவேண்டிய மார்ச் மாதத்தில் நம் ஜொகூரில் பெருவெள்ளம் வந்தது. சிகாமட், பத்து பஹாட், குளுவாங் பக்கங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு விட்டு வெளியேறின. அதே வருஷம் ஆகஸ்டில் இந்தியாவிலோ நேர்மாறு. 1901 முதல் உள்ள கணக்கில் அத்தனை வறண்ட ஆகஸ்டு அங்கே வந்ததில்லை. நம்மில் பலருக்குப் பூர்வீகமான காவிரிச் சீமையில், ஜூன் 12-ல் திறந்த மேட்டூர் அணையை நீரில்லாமல் அக்டோபரில் மூடினார்கள். பல ஊர்களில் குறுவைப் பயிர் வயலிலேயே கருகியது.

பசிபிக் சமுத்திரம் சூடேறும் எல் நினோவும் அவ்வருஷம் சேர்ந்துகொண்டது மெய்தான். ஆனால் அதற்கும் அடியில் இருப்பது, நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதன் பூமிக்கு ஏற்றிவைத்த சூடு. பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்து வயல்களில் கண்டதை 2004-ல் வெளியிட்டார்கள்: இரவுச் சூடு ஒரு டிகிரி கூடினால் நெல் விளைச்சல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. மனிதர் கைகள் தேடிக்கொண்டதால் தரையிலும் கடலிலும் குழப்பம் தோன்றும் என்று சூரா ரூம் எச்சரித்திருப்பதை இங்கே சிந்திக்க வேண்டும்.

அவ்வருஷம் ஜூலை 20-ல் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது; டிசம்பரில் வெங்காயத்தையும் நிறுத்தியது. செப்டம்பர் 1-ல் இங்கே பெர்னாஸ் இறக்குமதி வெள்ளை அரிசியை டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. உள்நாட்டு அரிசிக்கோ கட்டுப்பாட்டு விலை, 10 கிலோ 26 வெள்ளி. ஜனங்கள் அதைத் தேடி ஓட, கடைத் தட்டுகள் காலியாயின. அந்தத் தடைகள் 2024-ல் நீங்கிவிட்டன. ஆனால் சூடு நீங்கவில்லை. இத்தகைய வருஷம் மறுபடியும் வரும். அப்போது நாம் என்ன செய்யப் போகிறோம்?

‘மூட்டை அடுக்கி வைப்பதே பாவமா?’ என்று கேட்பீர்கள். இல்லை. நபி யூசுப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு வருஷம் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். பஞ்சம் வந்ததும் களஞ்சியத்தைத் திறந்தார்கள். கன்ஆனிலிருந்து வந்த அயலாருக்கும் அளந்து கொடுத்தார்கள். பதுக்குகிறவனும் களஞ்சியம்தான் வைத்திருக்கிறான். ஆனால் ஜனங்கள் பசித்து வரும் நாளில் அதைப் பூட்டுகிறான். எந்த நாளில் பூட்டுகிறோம், எந்த நாளில் திறக்கிறோம் என்பதில்தான் நன்மையும் பாவமும் பிரிகின்றன. விலை ஏறட்டும் என்று பதுக்குகிறவன் பாவி என நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

மதீனாக் கடைத்தெருவில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டார்கள், விரல் ஈரமாயிற்று. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் ஈரத்தை ஜனங்கள் பார்க்க மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்றார்கள். மழையில் நனைவது வியாபாரியின் குற்றமன்று, மறைப்பதே குற்றம். உள்நாட்டு அரிசிப் பைக்குள் வேறு அரிசியைக் கலப்பவனும் அந்த ஈரத்தை அடியில் மறைத்தவனே.

ஆகவே சகோதரர்களே! வியாபாரம் ஹலால், நியாயமான லாபமும் ஹலால். தட்டுப்பாட்டு நாளில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பை என்று வையுங்கள். கார் வைத்திருப்பவர் காலையிலேயே ஐந்து பை ஏற்றிக்கொண்டு போனால், சம்பள நாளில் செம்பனைத் தோட்டத்திலிருந்து சாயங்காலம் வரும் கூலியாளுக்கு என்ன மிஞ்சும்? அவன் மறுபடியும் வெறுங்கையோடு திரும்பும்படி செய்யாதீர்கள். நம் கல்யாணத்திலும் கந்தூரியிலும் சோற்றைக் குப்பையில் கொட்டாதீர்கள்.

ஹிஜ்ரி 18-ல் அரபு நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, ஜனங்களுக்குக் கிடைக்கும்வரை கலீபா உமர் (ரலி) அவர்கள் நெய்யும் இறைச்சியும் தொடவில்லை. அவர்களைப்போல் நம்மால் முடியாவிட்டாலும், கடைக் கதவையாவது திறந்து வைப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் அளவையில் நேர்மையையும், எங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், வயல்களுக்கு வேண்டிய அளவில் மழையையும் தந்தருள்வாயாக! ஆமீன்.