பேரு கேட்டா என்ன சொல்றது?

முருகா சரணம்.

இந்த வாரம் ஒரு கேள்வியோட வந்திருக்கேன். நம்ம பெயர் யாருக்குச் சொந்தம்? வச்சவங்களுக்கா, சுமக்கிற நமக்கா, கூப்பிடுறவங்களுக்கா? இதைப் படிக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு குமரன், செந்தில், வேலன், கார்த்திகான்னு நம்ம அப்பன் பெயர்தான் இருக்கும். அதனால இது நம்ம எல்லாருக்குமான கேள்விதான்.

முதல்ல ஒரு சின்ன கதை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிச்சப்ப 'சர்நேம்'னு ஒரு கட்டம் இருந்துச்சு. நமக்கு ஏது சர்நேம்? இனிஷியல்தானே. அதுல அப்பா பெயரை எழுதினேன்: ஆறுமுகம். அப்புறம் ஆபீஸ்லயும் அப்படியே பதிவாகிடுச்சு. வெளிநாட்டு கிளையண்ட் வீடியோ கால்ல வந்தா, 'ஹலோ ஆறுமுகம்'னுதான் ஆரம்பிப்பார். எனக்கு எரிச்சலா இருக்கும். வேலை செய்றது நான், பேர் வாங்குறது அப்பாவான்னு தோணும்.

அம்மாகிட்ட இதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அப்பா காலமாகி அப்ப இரண்டு வருஷம். அம்மா தன் வாயால ஒரு நாளும் அப்பா பெயரைச் சொன்னதில்ல. கோயில்ல கூட 'ஆறுமுகா'ன்னு சொல்லாம 'முருகா'ன்னு மட்டும்தான் கும்பிடுவாங்க. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுக் கேட்டாங்க: "அப்ப, அவரை இன்னும் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டுத்தான் இருக்காங்களா?"

அன்னையிலேர்ந்து அந்தக் கிளையண்ட்டை நான் திருத்தவே இல்ல.

அதுக்கப்புறம் பெயர்களைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். நம்ம இனிஷியல் மாதிரியே ஐஸ்லாந்துலயும் ஒரு வழக்கம் இருக்கு. அங்க பெரும்பாலானவங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா (சில சமயம் அம்மா) பெயரோட 'மகன்' இல்லன்னா 'மகள்'னு சேர்த்துக்குவாங்க. 1980ல அந்த நாட்டுக்கு அதிபரா ஜெயிச்ச விக்டிஸ் ஃபின்போகாடோட்டிரோட பின்பாதிக்கு 'ஃபின்போகியின் மகள்'னுதான் அர்த்தம். டெலிபோன் புத்தகத்துலயும் முதல் பெயரை வச்சுத்தான் வரிசை இருந்துச்சு. ஸ்பெயின்ல அப்பா வழி ஒண்ணு, அம்மா வழி ஒண்ணுன்னு இரண்டு குடும்பப்பெயர். இங்கிலாந்துல 'ஜான்சன்'னா ஜானோட மகன், 'ஸ்மித்'னா கொல்லர். நம்ம சி.என்.அண்ணாதுரையை எடுத்துக்கங்க. 'சி' அவர் ஊரான காஞ்சிபுரத்தோட பழைய ஆங்கில எழுத்து, 'என்' அப்பா நடராஜன்.

யார் பிள்ளை, எந்த ஊர், என்ன தொழில். பெயரோட பின்பாதி பெரும்பாலும் ஒரு உறவைத்தான் சொல்லுது. 'இவன் தனியா வந்தவன் இல்ல'ன்னு சொல்லுது.

இப்ப நம்ம அப்பன் பெயர்களைப் பாருங்க. ஆறு கார்த்திகைப் பெண்கள் வளர்த்ததால கார்த்திகேயன். கங்கை சுமந்ததால காங்கேயன். சரவணப் பொய்கையில தோன்றினதால சரவணபவன். அப்பனுக்கே உபதேசம் பண்ணினதால சுவாமிநாதன். வளர்த்த தாய்களுக்கும், சுமந்த ஆத்துக்கும், பிறந்த குளத்துக்கும் தன் பெயர்லயே இடம் கொடுத்திருக்கான். எல்லாத்துக்கும் மேல, வள்ளி மணாளன். தினைப்புனம் காத்த குறமகள் பெயரைத் தன் பெயருக்கு முன்னாடி வச்சு, 'நான் இவளுக்குச் சொந்தம்'னு நிக்கிறான். தேவலோகத்துல எவ்வளவு பெரிய குடும்பம் அவனுக்கு! ஆனா மலையில காவல் காத்த பொண்ணு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா மகிழ்ந்து வர்றான்.

இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்கு. இனிமே சொல்லப்போறது எனக்குக் கஷ்டமான பகுதி.

போன வருஷம் வாடகைக்கு வீடு தேடினோம். ஒரு வீடு எல்லா வகையிலயும் பிடிச்சிருந்துச்சு. வீட்டுக்காரர் தன்மையாத்தான் பேசினார். பேரைக் கேட்டார், சொன்னேன். "சரி தம்பி, முழுப் பேர்?" அப்பா பேரைச் சேர்த்துச் சொன்னேன். "அது சரி. நீங்க எந்தப் பக்கம்? சொந்தக்காரங்கல்லாம் எங்க?" அவர் என்ன கேக்கிறார்னு எனக்குப் புரிஞ்சுது. உங்களுக்கும் புரிஞ்சிருக்கும். தேடித் தேடிக் களைச்சுப் போயிருந்தோம். அம்மாவுக்கு வேற மாடிப்படி ஏற முடியாது, இது கீழ் வீடு. அவர் கேட்டதை நான் சொல்லிட்டேன். அவர் முகம் மலர்ந்துச்சு. வீடும் கிடைச்சுது.

அதே ஆறுமுகம்தான். கிளையண்ட் கூப்பிட்டப்ப, அந்தப் பெயர் என்னை அப்பாவோட சேர்த்து வச்சுது. வீட்டுக்காரர் கேட்டப்ப, அந்தப் பெயருக்குப் பின்னாடி வேற ஒண்ணைத் தேடினார். அது கிடைச்சதும் எனக்குக் கதவு திறந்துச்சு. எனக்கு முன்னாடி எத்தனை பேருக்கு அதே கேள்வியால கதவு மூடியிருக்கும்?

என் அப்பா எந்த இடத்துலயும் பெயருக்குப் பின்னாடி சாதியை எழுதினதில்ல. நம்ம ஊர்ல இன்னைக்குப் பெரும்பாலானவங்க அப்படித்தான். இது தானா நடக்கல. 1929ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல, பெயருக்குப் பின்னாடி போடுற சாதிப்பட்டத்தை விட்டுடணும்னு தீர்மானம் போட்டாங்க. நம்ம பக்திக்கும் அந்த இயக்கத்துக்கும் ஒத்துவராதுதான். ஆனா நல்லதை நல்லதுன்னு சொல்லணும். பக்தி வழியிலயும் இது நடந்திருக்கு. 1699ல குரு கோவிந்த் சிங் கால்சாவை உண்டாக்கினப்ப, சாதி பார்க்காம தீட்சை கொடுத்து, ஆண்கள் எல்லாருக்கும் 'சிங்'னு ஒரே பெயரைக் கொடுத்தார். சிங்கம்னு அர்த்தம். பெயரைக் கேட்டு யார் மேல, யார் கீழன்னு பிரிக்க முடியாத மாதிரி.

கடல் தாண்டி அமெரிக்காவுல மால்கம் லிட்டில்னு ஒருத்தர். 'லிட்டில்'ங்கிறது, தன் முன்னோர்களை அடிமையா வச்சிருந்த வெள்ளைக்காரக் குடும்பத்தோட பெயர்னு அவர் சொன்னார். ஆப்பிரிக்காவுல தன் குடும்பத்துக்கு இருந்த பெயர் அவருக்குத் தெரியாது. அதனால அந்த இடத்துல 'எக்ஸ்'னு போட்டுக்கிட்டார். மால்கம் எக்ஸ். தெரியாத பெயருக்கு ஒரு வெற்றிடம். அடுத்தவன் போட்ட முத்திரையைச் சுமக்கிறதை விட அந்த வெற்றிடமே மேல்னு நினைச்சார்.

அவர் ஒரு பெயரைத் தூக்கிப் போட்டு வெற்றிடத்தை வச்சுக்கிட்டார். அப்பா எனக்காக ஒரு வெற்றிடத்தை விட்டுட்டுப் போனார். நான் ஒரு கீழ் வீட்டுக்காக, ஒரே நிமிஷத்துல அதை நிரப்பிக் கொடுத்துட்டேன்.

'சாதியைப் பெயர்ல போடலைன்னா மட்டும் ஒழிஞ்சிடுமா'ன்னு கேப்பாங்க. ஒழியல, உண்மைதான். அதனாலதான் வீட்டுக்காரர் சுத்தி வளைச்சுக் கேக்க வேண்டியிருந்துச்சு. 'என் முன்னோர் பெயரை நான் ஏன் விடணும்'னும் கேப்பாங்க. முன்னோரை விட வேண்டாம். தாத்தா பேரு, பாட்டி பேரு, ஊர் பேரு, எல்லாத்தையும் வச்சுக்கங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் கேட்டுக்குவோம்: இந்தப் பெயர் என்னை யாரோடயாவது சேர்க்குதா, இல்ல யாரையாவது வெளிய நிறுத்துதா? இது பெயர் வச்சவங்களுக்கு மட்டுமான கேள்வி இல்ல. கேக்கிறவங்களுக்கும் உண்டு, பதில் சொல்ற நமக்கும் உண்டு. பெயர் யாருக்குச் சொந்தம்னு கேட்டேன்ல? மூணு பேருக்கும் அதுல பங்கு இருக்குன்னா, மூணு பேருக்கும் பொறுப்பும் இருக்கு.

பால் காய்ச்சின அன்னைக்கு அம்மாவும் நானும் முருகன் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கிட்டு குருக்கள் வழக்கம்போல பேரு, நட்சத்திரம், கோத்திரம் கேட்டார். "சாமி பேருக்கே பண்ணிடுங்க"ன்னு சொன்னேன். எத்தனையோ பேர் பணிவோட சொல்ற வார்த்தை அது. அன்னைக்கு நான் சொன்னது வெக்கத்துல. அவன் முன்னாடி என் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரல.

அந்த வீட்டுலதான் இன்னமும் இருக்கோம். அடுத்த தடவை யாராவது 'முழுப் பேர் என்ன'ன்னு கேட்டா, அப்பா பேர், என் பேர், அதோட நிறுத்திக்கணும். வீடு கிடைக்கலைன்னாலும். அந்தத் தைரியத்தைத்தான் இப்ப அவன்கிட்ட கேட்டுட்டு இருக்கேன்.

உங்க பெயருக்குப் பின்னாடி இருக்கிற கதையை இன்னைக்கு வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!