மீண்டும் படிக்கும் நூல்

ஒருமுறை படித்து முடித்த நூலை மறுபடியும் ஏன் கையில் எடுக்கின்றோம்? கதை தெரியும், முடிவும் தெரியும். யார் மாள்வார், யார் வெல்வார் என்பதெல்லாம் அறிந்ததே. படிக்காத நூல்கள் ஆயிரமாயிரம் காத்திருக்கையில், படித்ததையே திரும்பப் படிப்பது காலத்தை வீணாக்குவது ஆகாதா? எளிய வினாவாகத் தோன்றினும், ஆழ்ந்து நோக்கின் இது நம் மனச்சான்றையும் தொடும் வினாவாகும்.

தமிழ் இல்லங்களிலிருந்தே ஒரு சான்றைக் காண்போம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வெளிவந்தது. வாரந்தோறும் கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, 'பைண்டு' செய்து பாதுகாத்த குடும்பங்கள் பல. அக்கட்டுகள் தாயின் கையிலிருந்து மகளுக்கும், மகளின் கையிலிருந்து பேரனுக்கும் சென்றன. 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டபின் பல பதிப்பகங்கள் அந்நாவலை வெளியிட்டன. 2022இலும் 2023இலும் அது இரு பகுதிகளாகத் திரைப்படமாகவும் வந்தது. இத்தனைக்குப் பிறகும், ஐந்து பாகங்களையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவோர் இருக்கின்றனர்.

அவர்கள் தேடுவது யாது? பதினைந்து வயதில் வந்தியத்தேவனின் குதிரையோடு ஓடிய வாசகர், நாற்பது வயதில் ஆதித்த கரிகாலனின் உள்ளக் கொதிப்பருகே நின்றுவிடுகிறார். அறுபது வயதிலோ, நோயுற்று நடக்க இயலாத சுந்தர சோழரின் உறக்கமற்ற இரவுகள் அவருக்குப் புரியத் தொடங்குகின்றன. நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, மாறியவர் வாசகரே. வளரும் பிள்ளையைச் சுவரருகே நிறுத்திக் கோடிட்டு உயரம் பார்ப்பதுபோல, மாறாத நூலின் அருகே நின்று நம் அகத்தின் வளர்ச்சியையும் தேய்வையும் கண்டுகொள்கின்றோம். அன்றியும், துயருற்ற வேளையிலும், மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் இரவிலும், அறிந்த குரல் ஒன்றைக் கேட்க விழைவது மனித இயல்பு. அதைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை.

ஆயினும் இங்கே ஓர் இடறல் உண்டு. நெடுநாள் பழகிய நூலை மேசைமீது வைத்தால், அது தானாகவே ஒரு பக்கத்தில் விரிந்துகொள்கிறது. நாம் பலமுறை சுவைத்த பக்கம் அது. புரட்டப்படாத பக்கங்களோ அச்சகத்திலிருந்து வந்த மிடுக்குக் குலையாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விரும்பியதை மட்டும் மீண்டும் கேட்பதற்காகவே நூலிடம் செல்வோமாயின், நாம் கேட்பது நூலின் குரலையா, நம் சொந்தக் குரலையா?

ஊதாரி மைந்தன் உவமையை எண்ணிப் பார்ப்போம். நம்மில் அதனை அறியாதவர் இல்லை. படிக்குந்தோறும் நெகிழ்கின்றோம், திரும்பி வந்த இளைய மகனின் இடத்தில் நம்மை இருத்தி, தந்தையின் அரவணைப்பை உணர்கின்றோம். ஆனால் அக்கதையில் வீட்டுக்கு வெளியே சினந்து நிற்கும் மூத்த மகனும் உண்டு. தந்தை வெளியே வந்து வேண்டிய பின்னர் அவன் உள்ளே சென்றானா, இல்லையா என்பதை லூக்கா கூறாமலே விட்டுவிடுகிறார். நிலத் தகராற்றினால் உடன்பிறந்தவரோடு பத்தாண்டுகளாய்ப் பேசாத ஒருவர், இவ்வுவமையைக் கண்ணீர் மல்கப் படித்துவிட்டு, நூலை மூடி, அதே வன்மத்தோடு உறங்கச் செல்லக்கூடும். அவர் நூலை நேசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நேசிக்கிறார், எனினும் கதைக்குள் எப்போதும் ஒரே இடத்தில்தான் அமர்கிறார்.

புனித அகுஸ்தினார் தம் வாழ்வை அறிக்கையிட்டு எழுதிய நூலில் இத்தகைய நிலையையே நினைவுகூர்கிறார். இளமையில் அவர் இலத்தீன் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தைப் படித்து, காதலுக்காக உயிர்நீத்த டீடோ அரசிக்காக அழுதார். இறைவனை விட்டு அகன்று மடிந்துகொண்டிருந்த தமக்காகவோ அவர் அழவில்லை. காவியம் செய்த பிழை அன்று அது. கண்ணீர் வடித்ததாலேயே கடமை முடிந்ததென்று நெஞ்சம் நம்பிவிடுகிறது. கற்பனை மாந்தருக்கு நாம் காட்டும் இரக்கம் அடுத்த வீட்டின் வாயிலைச் சென்று சேராவிட்டால், அதனால் விளைந்த பயன் யாது?

வள்ளுவர் இதற்கு வழிகாட்டுகிறார். நற்பண்புடையோரின் நட்பு பழகப் பழக இன்பம் தருவதை விளக்க, படிக்கப் படிக்க நயம் தரும் நூலையே அவர் உவமையாக எடுத்தாள்கிறார். இக்குறளைப் பலரும் எடுத்துரைப்பர். ஆனால் அதற்கு அடுத்த குறளிலேயே, நட்புச் செய்வது கூடிச் சிரிப்பதற்காக மட்டும் அன்று, நண்பர் நெறி தவறும்போது முற்பட்டு இடித்துரைப்பதற்காகவும் என்கிறார். இரு குறள்களையும் சேர்த்துப் படித்தால் நம் வினாவுக்கு விடை கிடைக்கிறது. நூல் நமக்கு நண்பன் எனில், மகிழ்விக்கும் உரிமையோடு கண்டிக்கும் உரிமையையும் அதற்கு வழங்கவேண்டும். நட்பு அதிகாரம் அமைந்த பொருட்பாலை அறத்துப்பாலோடு 1730இல் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவரும் இவ்விரு குறள்களையும் அடுத்தடுத்தே கண்டிருப்பார்.

இங்ஙனம் படிப்பதற்கு உழைப்பு வேண்டும். விழுப்புரத்தை அடுத்து, சர்க்கரை ஆலை அமைந்துள்ள முண்டியம்பாக்கத்தின் சுற்றுப்புறக் கரும்பு உழவர்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. முதற்பயிரை வெட்டியபின், புதிய கரணை நடாமல், நின்ற கட்டையிலிருந்தே மறுபயிர் எடுக்கின்றனர். அதுவே கட்டைக் கரும்பு. விதைச் செலவு இல்லை, உழவுச் செலவு இல்லை என்று வாளாவிருந்தால் விளைச்சல் குன்றிவிடும். கட்டைகளை மண்மட்டத்துக்குச் சீவவேண்டும். அப்போதுதான் மண்ணுக்குள்ளிருந்து வலிய முளைகள் கிளம்பும். வெற்றிடங்களில் புதுக் கன்றுகளை நட்டு நிரப்பவேண்டும். கூடுதலாகத் தழைச்சத்து இடவேண்டும். செவ்வழுகல் நோய் தாக்கிய வயலில் கட்டைப் பயிர் விடலாகாது. பழைய கட்டையே நோயைச் சுமந்து வரும். மறுவாசிப்பும் இத்தகையதே. முதல் வாசிப்பின் மிச்சத்திலிருந்து தானாக எழும் உணர்ச்சி மெலிந்த முளை. பழைய கருத்துகளைச் சற்றே சீவிவிட்டு, விட்டுப்போன பக்கங்களை நிரப்பிப் படித்தால்தான் நூல் மறுமுறை தழைக்கும். தவறாகப் புரிந்துகொண்டதை உறுதிப்படுத்தவே மீண்டும் படிப்போமாயின், ஒவ்வொரு வாசிப்பிலும் அத்தவறே வேரூன்றும்.

திரு அவை நம்மிடம் எதிர்பார்ப்பதும் இத்தகைய வாசிப்பையே. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தைத் தொடர்ந்து 1969இல் வெளிவந்த வாசக ஒழுங்கின்படி, ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. எதைக் கேட்பது என்பதை அங்கே நாம் தெரிவு செய்வதில்லை. இனிய பகுதிகளோடு, நாம் கடந்து செல்ல விரும்பும் பகுதிகளும் உரிய நாளில் வந்து நம்முன் நிற்கின்றன. அச்சுழற்சியின் மூன்றாம் ஆண்டில், தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று, அதே தந்தையும் இரு மைந்தரும் மீண்டும் வருகின்றனர். கேட்கும் நாம் மூன்று ஆண்டுகள் மூத்திருப்போம்.

ஆகவே, அன்பான வாசகர்களே, உள்ளத்துக்கு உகந்த நூலைத் தயக்கமின்றி மீண்டும் கையில் எடுப்போம். அது தானாகத் திறக்கும் பக்கத்தைப் படித்து மகிழ்வோம். பின்னர் ஒட்டிக்கிடக்கும் பக்கங்களையும் மெல்லப் பிரிப்போம். இம்முறை இளைய மகனின் இருக்கையை விட்டெழுந்து, சற்று நேரம் வாயிலுக்கு வெளியே மூத்தவனின் அருகில் நிற்போம். அவன் உள்ளே சென்றானா என்னும் வினாவுக்குரிய விடையை, பேசாதிருக்கும் உடன்பிறப்பின் வீட்டுக் கதவைத் தட்டி நாமே எழுதலாம்.