யாரும் அறியாத ஊரில் நாம் யார்?

அல்ஹம்துலில்லாஹ். புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஜூலை மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தகப்பனாரும் மகனும் என்னிடம் வந்தார்கள். மகனுக்கு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. துஆ கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தகப்பனார் தயங்கியபடி, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார்.

விஷயம் இதுதான். மாணவர் விசாவுக்குப் படிப்புக் கட்டணமும் தங்கும் செலவும் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் இருந்ததாகக் காட்ட வேண்டும். அவ்வளவு பணம் அவரிடம் இல்லை. ஒரு ஏஜென்ட், "நாங்க போடுறோம், விசா வந்ததும் எடுத்துக்கிறோம், கமிஷன் மட்டும் கொடுங்க" என்று சொல்லியிருக்கிறார். "பணம் நிஜமாவே கணக்குல இருக்கும் ஹஜ்ரத். பேங்க் கொடுக்கிற தாளும் நிஜம். இதுல பொய் எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பையன் நம் மதரஸாவில் என்னிடம் ஓதியவன். போக வேண்டும் என்ற ஆசை அவன் முகத்தில் எழுதியிருந்தது. "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

சகோதரர்களே! இதைச் சற்று சிந்தித்துப் பாருங்கள். குவியலின் மேலே இருந்த தானியம் பொய்யானதா? இல்லை. அது நிஜமான தானியம், நன்றாகக் காய்ந்த தானியம். வியாபாரி ஒரு பொய் வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த நிஜத்தை எதற்காக மேலே வைத்தார் என்பதில்தான் ஏமாற்று இருந்தது. அந்த வங்கித் தாளும் காய்ந்த தானியம்தான். கீழே ஈரம் இருக்கிறது.

மறுநாள் இதைச் சொன்னேன். தகப்பனார் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். என்மீது வருத்தம் என்றே நினைத்தேன். அல்லாஹ்வின் கிருபை, அவர் ஒரு மனைக்கட்டை விற்றார். சவூதியிலிருக்கும் தாய்மாமன் மீதியை அன்பளிப்பாகக் கொடுத்தார். செப்டம்பரில் போக வேண்டிய பையன் ஜனவரியில் போனான். நான்கு மாதம் தாமதம், ஒரு மனை நஷ்டம். நேர்மைக்கு விலை இல்லை என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். விலை உண்டு. அவர்கள் கொடுத்தார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு அவன் தனியாக வந்தான். "ஹஜ்ரத், இங்கே அத்தா பார்க்கிறாங்க, ஜமாஅத்தார் பார்க்கிறாங்க, நீங்க பார்க்கிறீங்க. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியலை" என்றான்.

இதுதான் இன்றைய கேள்வி. அவனுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் எனக்கும்தான்.

ஒருவர் இன்னொருவரை நல்லவர் என்று உமர் (ரலி) அவர்களிடம் சாட்சி சொன்னார். உமர் (ரலி) அவர்கள் மூன்று கேள்விகள் கேட்டார்கள். அவருக்கு நீ அண்டை வீட்டுக்காரனா? அவருடன் பணம் கொடுக்கல் வாங்கல் செய்தாயா? அவருடன் பயணம் செய்தாயா? மூன்றுக்கும் இல்லை என்றார். அப்படியானால் உனக்கு அவரைத் தெரியாது என்றார்கள். அரபியில் ‘ஸஃபர்’ என்ற சொல்லுக்கு வெளிப்படுத்துதல் என்ற பொருளோடு தொடர்பு உண்டு. பயணம் மனிதனின் குணத்தை வெளிப்படுத்துவதால் அந்தப் பெயர் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள்.

அவன் ஊர் போய்ச் சேர்ந்த பின் போனில் ஒன்றைச் சொன்னான். அதை நான் மறக்க மாட்டேன். முதல் விமானப் பயணம். தொழுகை நேரம் வந்துவிட்டது. எழுந்து நிற்கக் கூச்சம். பக்கத்து இருக்கைக்காரர் என்ன நினைப்பாரோ, பணிப்பெண் ஏதும் சொல்வாரோ என்று வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் பணிப்பெண்ணிடம் கேட்டான். அவர் சாதாரணமாகப் பின்பக்கம் ஓர் இடத்தைக் காட்டினார். தொழுதான். "ஊர்ல மனுஷங்க பார்க்கிறாங்கன்னு தொழுதிருக்கேன் ஹஜ்ரத். ஃப்ளைட்ல மனுஷங்க பார்க்கிறாங்களேன்னு தொழத் தயங்கினேன். ரெண்டும் ஒரே நோய்தான்னு அப்போதான் தெரிஞ்சுது" என்றான்.

ஊர்க் கண்ணை நான் இழிவாகச் சொல்லவில்லை. அதுவும் ஒரு நிஃமத்துதான். கட்டிடம் எழும்போது சாரம் கட்டுகிறோம். சாரம் இல்லாமல் சுவர் எழாது. ஆனால் ஒருநாள் சாரத்தைப் பிரிப்பார்கள். அன்று சுவர் நிற்க வேண்டும். எங்கிருந்தாலும் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்ததில், ‘எங்கிருந்தாலும்’ என்பதைக் கவனியுங்கள்.

வெளிநாடு செல்லும் தம்பிகளே! பயணிக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை உண்டு. ஆனால் ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்களும் ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு நாட்களும் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தால் அந்தச் சலுகை முடிந்துவிடும். நீங்கள் முகீம் ஆகிவிடுகிறீர்கள். "நான் வெளியூர்க்காரன், இங்கே எப்படி இருந்தாலும் பரவாயில்லை" என்ற சாக்கும் அத்தோடு முடிந்துவிட வேண்டும். ஜனவரியில் பர்மிங்ஹாமில் மாலை நாலே கால் மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. ளுஹர், அஸர், மக்ரிப் மூன்றும் சில மணி நேரத்துக்குள் நெருங்கி வரும். வகுப்பு நேரத்தை முதல் வாரமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

விசா என்பது ஓர் ஒப்பந்தம். அமான் பெற்று ஒரு நாட்டுக்குள் நுழைந்தவர் அந்நாட்டாருக்குத் துரோகம் செய்வது ஹராம் என்று நம் ஃபிக்ஹ் நூல்கள் சொல்கின்றன. அங்கே பட்டப்படிப்பு மாணவர்கள் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. கணக்கில் வராமல் கூலி கொடுக்கும் கடை உங்களைத் தேடி வரும். அன்று அந்த ஈரத் தானியத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருப்பவர்களே, உங்களுக்கும் ஒன்று. 1325இல் தான்ஜியரிலிருந்து தனியாகப் புறப்பட்ட இப்னு பதூதாவுக்கு வயது இருபத்தொன்று. தூனிஸ் நகரில் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லி நலம் விசாரித்தபோது, அவரை மட்டும் விசாரிக்க ஆள் இல்லை. அவர் அழுதுவிட்டார். பார்த்த ஒரு ஹாஜி அருகில் வந்து ஸலாம் சொல்லிப் பேசினார். நம் பள்ளியின் கடைசி ஸஃப்பில் வேற்று மொழி பேசும் ஒரு தொழிலாளித் தம்பி வாரந்தோறும் நின்றுவிட்டுப் போகிறார். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பிள்ளைக்கு அந்நிய ஊரில் யாராவது ஸலாம் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படும் நாம், இன்று தொழுகை முடிந்ததும் அவரிடம் போவோம்.

மனிதர்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒரே மனிதராக வாழும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.