மணமும் மனமும்: அறியும் உரிமையும் அறியாதிருக்கும் உரிமையும்

உயிர்களை அவற்றின் அறிவின் அளவால் வகுத்த தொல்காப்பிய மரபியல், மூன்றாம் அறிவை மூக்கிற்கும் ஆறாம் அறிவை மனத்திற்கும் உரியதாக வைத்தது. மூக்கறிவு கீழ்ப்படியிலும் மனவறிவு மேற்படியிலும் நிற்பது அவ்வரிசையின் இயல்பு. ஆயின், கீழ்ப்படியிலுள்ள புலனொன்றின் தளர்ச்சி, மேற்படியிலுள்ள மனத்தின் தளர்ச்சியை முன்னரே அறிவிக்கக்கூடும் என இன்றைய நரம்பியல் கூறுகின்றது. இக்கூற்று மருத்துவத்திற்கு மட்டுமன்றி அறவியலுக்கும் ஒரு வினாவை எழுப்புகின்றது.

1906 ஆம் ஆண்டு ஜேர்மனிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், நினைவும் அறிவும் சிதைந்து இறந்த பெண்ணொருத்தியின் மூளையிற் கண்ட மாற்றங்களை விளக்கினார். அந்நோயின் இழை முடிச்சுக்கள் மூளையின் பொட்டு மடலின் உட்புறத்திலே முதலில் தோன்றிப் படிப்படியாகப் பரவுகின்றன என்பதை 1991 இல் ஹைக்கோ பிராக், ஈவா பிராக் ஆகிய இருவரும் காட்டினர். மணத்தை ஏற்கும் பகுதிகளும் நினைவைப் பேணும் பகுதிகளும் அங்கு அண்டை வீடுகள் போன்று அமைந்துள்ளன. ஆகவே ஒன்றைத் தாக்கும் நோய் மற்றையதை விட்டுவைப்பதில்லை.

இவ்வுறவே நுகர்ச்சிச் சோதனைகளுக்கு அடிப்படையாயிற்று. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டோட்டியும் அவர்தம் குழுவினரும் 1984 இல், சுரண்டி முகரத்தக்க 40 மணங்களைக் கொண்ட சோதனையொன்றை வெளியிட்டனர். மசாசுசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், வீட்டிலிருந்தவாறே ஒருவர் தாமே செய்துகொள்ளத்தக்க மண அட்டைச் சோதனையை 2025 இல் விவரித்தனர். அறிவாற்றல் சற்றுக் குன்றிய முதியோர், குன்றாத முதியோரைவிட அதிற் குறைந்த புள்ளிகளே பெற்றனர்.

எனினும் குழுக்களிடையே வேறுபாடு காண்பது வேறு. தனியொருவர் மீது தீர்ப்புக் கூறுவது வேறு. நூறு முதியவருள் ஐவருக்கே நோயின் தொடக்கம் உண்டென்றும், சோதனை அவ்வைவரில் நால்வரைச் சரியாகக் காட்டுமென்றும், நோயற்ற 95 பேரில் ஐந்திலொரு பங்கினரையும் தவறாகக் காட்டுமென்றும் ஓர் எடுத்துக்காட்டிற்காகக் கொள்வோம். அப்போது ஐயத்திற்குள்ளாகும் 23 பேரில் 19 பேர் நோயற்றவர்களே. தடிமன், மூக்கழற்சி, தலைக்காயம், புகைபிடித்தல், கொவிட் தொற்று, மூப்பு ஆகிய யாவும் மண உணர்வைக் குறைக்கும். 2013 இல் புளொரிடாப் பல்கலைக்கழகத்தார், நிலக்கடலை வெண்ணெயையும் அளவுகோலையும் கொண்டு, இரு நாசிகளின் வேறுபாட்டால் இந்நோயை இனங்காணலாம் என்றனர். மறு ஆண்டிலேயே பென்சில்வேனியா ஆய்வாளர் அம்முடிவைத் தம்மால் மீண்டும் பெற முடியவில்லை என அறிவித்தனர். முதற்செய்தி நுழையும் வீடெங்கும் மறுப்பும் நுழைவதில்லை.

சோதனை பிழையற்றதாயினும் அறவினா தீர்ந்துவிடாது. அறிவது எப்போதும் நன்மையா? 2007 இல் தம் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டபோது ஜேம்ஸ் வாட்சன், அல்சைமர் நோய்க்கான இடர்ப்பாட்டைக் காட்டும் பகுதியை மட்டும் தமக்குத் தெரிவிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். மரபணுவின் அமைப்பைக் கண்டறிந்தவருள் ஒருவரே இவ்வாறு கேட்டதைக் கோழைமை எனல் பொருந்தாது. மரபணுச் சோதனையின் முடிவை அறிவதா, அறியாதிருப்பதா என்று தீர்மானிக்கும் உரிமையை யுனெஸ்கோவின் 1997 ஆம் ஆண்டுப் பிரகடனமும் ஏற்கின்றது. நுகர்ச்சிச் சோதனை மரபணுச் சோதனையன்று. ஆயினும் அவ்வுரிமையின் நியாயம் இதற்கும் பொருந்தும்.

மறுபக்கத்து நியாயமும் வலியதே. உயிர்ச்சத்து பி12 குறைபாடு, தைரொயிட் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு என்பனவும் மறதியைத் தரும். அவை மருந்துக்கு ஓரளவேனும் இணங்குவன. அல்சைமர் நோயின் தொடக்கத்திலே வழங்கத்தக்க இரு மருந்துகள் 2023, 2024 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் முழு அங்கீகாரம் பெற்றன. அவை நோயைத் தீர்ப்பன அல்ல. அதன் வேகத்தைச் சற்றே தணிப்பன. மூளை வீக்கம், குருதிக்கசிவு ஆகிய இடர்களும் உடையன. முதுசத்தை ஒழுங்கு செய்யவும் சொல்ல வேண்டியதைச் சொல்லவும் முன்னறிவு காலம் தருகின்றது.

உண்மையான சிக்கல் வீட்டினுள்ளேயே எழுகின்றது. தாயின் மறதியைக் கண்டு அஞ்சிய மகனொருவன், விளையாட்டுப் போலக் கண்ணை மூடச் செய்து கராம்பையும் கோப்பித்தூளையும் முகர வைக்கின்றான். அவன் நோக்கம் அன்பே. எனினும் அக்கணத்திலே அவள் தாய் என்ற நிலையினின்றும் ஆராயப்படும் பொருள் என்ற நிலைக்கு, தான் அறியாமலே, இறக்கப்படுகின்றாள். அதன்பின் அவள் திறப்பை மறந்தாலும் பெயரை மறந்தாலும் எல்லாம் நோய்க்குறியாகவே அவனுக்குத் தோன்றும். மனிதரை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்ற காண்டின் நெறி அன்புடையோரையும் கட்டுப்படுத்தும்.

‘சொன்னால் விளங்கிக்கொள்ள மாட்டாள்’ என்பது இரகசியத்திற்குக் கூறப்படும் நியாயம். இந்நியாயம் தன்னைத் தானே அழிக்கின்றது. தொடக்கநிலைச் சோதனை, அறிவு பெரிதும் நிலைத்திருக்கும் பருவத்திற்கே உரியது. அப்பருவத்திலுள்ளவரிடம் கேட்க முடியும். கேட்க முடியாத நிலையை எய்தியவருக்குத் தொடக்கநிலைச் சோதனையால் ஆவதொன்றில்லை. அவருக்கு வேண்டியது மருத்துவரின் நேரடிப் பரிசோதனையே. அவர் வண்டியோட்டுவதால் பிறர்க்கு ஆபத்து நேருமோ என்ற அச்சமிருப்பின், ஆராய வேண்டியது அவர் ஓட்டும் முறையையேயன்றி அவர் மூக்கையன்று.

ஆகவே சோதிப்பது தவறன்று. கேளாமற் சோதிப்பதே தவறு. முகரக் கொடுக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும்: அவர் அறிய விரும்புகின்றாரா? ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் செல்ல வழியுண்டா? விடை தீயதாயின் அதன் சுமையை அவரோடு சேர்ந்து சுமப்பவர் யார்? இம்மூன்றாம் வினாவிற்கு விடையில்லாத வீட்டிலே, முதலில் சோதிக்கப்பட வேண்டியவர் முதியவர் அல்லர்.